பழைய பிக்கப்புக்குப் புது பவர் மிரர்: பாதி வேலை மேசையில்தான்

பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். ஓட்டுநர் பக்கத்து மிரரைக் கையை நீட்டித் திருப்பிக்கொள்ளலாம். எதிர்ப்பக்கத்து மிரர் கைக்கு எட்டாது. இறங்கிச் சுற்றிப் போய்த் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தால் ஒரு விரற்கடை தள்ளி இருக்கும். மறுபடி இறங்க வேண்டும். பின்னால் டிரெய்லர் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

புது மாடலின் பவர் மிரரை, அதாவது உள்ளே இருந்தே சுவிட்சால் திருப்பும் மோட்டார் மிரரை, வாங்கி மாட்டிவிடலாம் என்று தோன்றுவது அப்போதுதான். மாட்டலாம். ஆனால் முதல்முறை செய்பவர்கள் இதை மூன்று நட்டைக் கழற்றி மூன்று நட்டைப் போடுகிற வேலை என்று நினைத்து, எடுத்த எடுப்பிலேயே கதவைப் பிரித்துவிடுகிறார்கள். நட்டு போடுவது அரை மணி நேரம். எந்த வயர் எதற்கு என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. அதைக் கதவுக்குள் தலையை விட்டுக்கொண்டு செய்யக்கூடாது. மேசை மேல் உட்கார்ந்து செய்ய வேண்டும். அளவெடுக்கப் பழைய மிரரைக் கழற்ற வேண்டியிருந்தால் தவிர, மிரர் மேசையில் நான்கு பக்கமும் ஒழுங்காகத் திரும்பிக் காட்டும் வரை வண்டியில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதீர்கள்.

எந்த மிரர் பொருந்தும்

உங்கள் வண்டியை விடச் சில ஆண்டுகள் புதிய, அதே நிறுவனத்தின், அதே கேபின் வடிவம் கொண்ட மாடல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்பக்க முகம் மாறியிருக்கும், கதவு மாறியிருக்காது. இதற்கு நல்ல உதாரணம் ஃபோர்டு சூப்பர் டியூட்டி. 1999 மாடலில் வந்த கேபின் அடிப்படையில் 2016 மாடல் வரை தொடர்ந்தது. அதனால் 2008 மாடலிலிருந்து வந்த பெரிய டோயிங் மிரர்களை (டிரெய்லர் இழுப்பதற்கான மிரர்களை)ப் பழைய கதவில் மாட்டுவது அந்த வண்டிக்காரர்களிடையே வழக்கமான மாற்றம். அங்கே நட்டுகள் அப்படியே பொருந்தும், வயரிங் மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

அப்படி நேரடியாகப் பொருந்தும் ஜோடி இல்லையென்றால் அளவெடுக்க வேண்டும். பழைய மிரரைக் கழற்றி, அதன் அடிப்பகுதியை ஓர் அட்டையில் வைத்துச் சுற்றி வரையுங்கள். ஸ்டட்கள் (நட்டு ஏறும் மரைத்தண்டுகள்) இருக்கும் இடத்தில் துளை போடுங்கள். வாங்கப்போகும் மிரரின் அடியில் அந்த அட்டையை வைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். ஸ்டட் 3 மி.மீ. தள்ளி இருந்தால்கூட உள்ளே போகாது. அடிப்பகுதியின் முக்கோணம் பழையதை விடச் சிறியதாக இருந்தால் பெயின்ட் இல்லாத இடம் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். பெரியதாக இருந்தால் ஜன்னலின் ரப்பர் பீடிங்கில் இடிக்கும். புதுத் துளை போடுவது தவறில்லை. ஆனால் தகடு வெட்டுப்பட்ட விளிம்பில் பிரைமரும் பெயின்ட்டும் பூசாமல் விட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் துரு பிடிக்கும்.

அட்டையில் தெரியாத ஒன்று சாய்வு. கதவு நிற்கும் கோணம் இரண்டு வண்டியிலும் வேறாக இருந்தால் மிரரின் தலை மேலேயோ கீழேயோ பார்த்துக்கொண்டு நிற்கும். மோட்டாரை வைத்துச் சரிசெய்யலாம், உண்மைதான். ஆனால் மோட்டார் திருப்பக்கூடிய மொத்த அளவில் பாதி இந்தச் சாய்வைச் சரிக்கட்டவே போய்விடும். ஒருவரைப் புது மிரரைக் கதவில் பிடிக்கச் சொல்லிவிட்டு, உங்கள் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொன்று, ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கும் வண்டிக்குச் செய்த மிரர் என்பது. அமெரிக்க விதிப்படி ஓட்டுநர் பக்கத்தில் சமதளக் கண்ணாடிதான் இருக்க வேண்டும். பயணி பக்கத்தில் குவிகண்ணாடி வைக்கலாம், ஆனால் கண்ணாடியில் தெரிபவை தோன்றுவதை விட அருகில் இருக்கின்றன என்ற எச்சரிக்கையை அதில் பொறித்திருக்க வேண்டும். இடப்பக்க ஸ்டியரிங் வண்டியின் ஜோடியை வாங்கி வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் மாட்டினால், எட்ட இருக்கும் பக்கத்தில் சமதளமும் கிட்ட இருக்கும் பக்கத்தில் குவிகண்ணாடியும் வந்து நிற்கும். பின்னால் வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணக்கே தப்பிப்போகும்.

வயரை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்

மிரரின் பின்னால் தொங்கும் கப்ளரில் (வயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் முனையில்) எத்தனை வயர் என்று எண்ணுங்கள். கண்ணாடியைத் திருப்ப மட்டும் பெரும்பாலான மிரர்களில் 3 வயர். கண்ணாடியைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 2. இண்டிகேட்டர், தரையில் வெளிச்சம் போடும் விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர், கூடவே எர்த். மின்சாரத்தில் மடங்கும் மிரர் என்றால் இன்னும் 2. மிரரின் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதற்கும் மூன்று நான்கு மெல்லிய வயர்கள் வரும்.

இப்போது முக்கியமான அடையாளம். மிரர் செய்யும் வேலை நிறைய, வயர் மட்டும் மூன்று நான்குதான் என்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். உள்ளே ஓர் எலெக்ட்ரானிக் பலகை இருக்கிறது. கதவில் இருக்கும் கம்ப்யூட்டர் அதோடு லின் என்ற ஒற்றை வயர் வழியே பேசும். உங்கள் பழைய வண்டியில் அந்தப் பாஷை பேச ஆளில்லை. 12 வோல்ட் கொடுத்தால் அசையாது, தப்பான வயரில் கொடுத்தால் செத்தும் போகும்.

இரவில் தானே மங்கும் கண்ணாடி இருந்தால் கவலை வேண்டாம். அந்த வயர்களைச் சும்மா விட்டுவிட்டால் அது சாதாரணக் கண்ணாடியாக இருக்கும்.

பழைய பாகமாக வாங்கும்போது மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: மிரர் ஜோடி, அவை செருகும் எதிர்க் கப்ளர் ஒரு முழம் வயரோடு, அதே வண்டியின் மிரர் சுவிட்ச் அதன் கப்ளரோடு. சுவிட்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் கடைசியில் அதிகம் திண்டாடுகிறார்கள். ஏன் என்று கொஞ்சம் கீழே வருகிறேன்.

மேசை மேல்: வயர்களை அடையாளம் காண்பது

ஒரு மல்டிமீட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, காகித டேப், பேனா. இவ்வளவுதான் வேண்டும். 9 வோல்ட் பேட்டரிக்கு ஒரு நல்ல குணம்: மோட்டாரை மெதுவாக ஓட்டும், ஆனால் தப்பாகத் தொட்டால் வயரை எரிக்கும் அளவுக்கு அதனிடம் தெம்பு கிடையாது. கார் பேட்டரியில் நேராகத் தொட்டுப் பார்ப்பது வேண்டாம்.

வயரின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரே நிறுவனமே ஆண்டுக்கு ஒரு நிறம் மாற்றியிருக்கும். ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி அ, ஆ, இ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மிரருக்குள் இரண்டு குட்டி மோட்டார்கள். ஒன்று மேலும் கீழும், இன்னொன்று இடமும் வலமும். இரண்டுக்கும் ஒரு பக்க முனை பொது. அதனால்தான் நான்குக்குப் பதில் மூன்று வயர். இந்த மூன்றில் பொது வயர் எது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மீட்டரை ஓமில் (மின்தடை அளக்கும் இடத்தில்) வைத்து ஒவ்வொரு ஜோடியாக அளந்து பாருங்கள். அ–ஆ 30, ஆ–இ 30, அ–இ 60 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் மிரரில் வேறாக இருக்கும். இரு மடங்கு காட்டிய அ–இ ஜோடியில் இரண்டு மோட்டார்களும் தொடராக நிற்கின்றன. அதில் சேராமல் நின்ற ஆ-தான் பொது. அளவு குதித்துக்கொண்டே இருந்தால் மோட்டார் பிரஷ் மோசமான இடத்தில் நிற்கிறது என்று பொருள். கண்ணாடியைக் கையால் லேசாக அசைத்துவிட்டு மறுபடி அளக்கலாம்.

பேட்டரியின் ஒரு முனையை ஆ-விலும் இன்னொன்றை அ-விலும் தொடுங்கள். கண்ணாடி கீழே போகிறது என்றால் முனைகளை மாற்றித் தொடும்போது மேலே வர வேண்டும். இ-க்கும் அதேபோல். டேப்பில் அ, இ-யை அடித்துவிட்டு "மேல்–கீழ்", "இடம்–வலம்", "பொது" என்று எழுதுங்கள். எந்த வயரில் பிளஸ் கொடுத்தபோது எந்தப் பக்கம் திரும்பியது என்பதையும் காகிதத்தில் குறித்து வையுங்கள். கண்ணாடி எல்லைக்குப் போய் டக் டக்கென்று சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம், உள்ளே கிளட்ச் வழுக்குகிறது.

ஹீட்டர் வயர்களில் அளவு குதிக்காது, கண்ணாடியை எப்படித் திருப்பினாலும் ஒரே எண்தான். 10 ஓம் காட்டினால் 12 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் இழுக்கும். இந்த எண்ணை எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும். அளவு ஆயிரக்கணக்கான ஓமில் வந்தால் அது நினைவு வசதியின் சென்சார். அதற்கு மின்சாரம் கொடுக்காதீர்கள், டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். எல்.இ.டி. இண்டிகேட்டர் ஓமில் ஒன்றும் சொல்லாது. அதையும் மடக்கும் மோட்டாரையும் மட்டும் கார் பேட்டரியிலிருந்து, நடுவில் ஒரு சிறிய ஃபியூஸ் வைத்துச் சோதிக்கலாம். மடக்கும் மோட்டார் முடிவுக்குப் போனதும் உடனே கையை எடுத்துவிடுங்கள். முட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் அது அதிக மின்சாரம் இழுக்கும்.

சுவிட்ச்

இங்கேதான் கொஞ்சம் நிதானம் தேவை. பவர் மிரர் சுவிட்ச் என்பது ஆன்–ஆஃப் இல்லை. மேல் அமுக்கினால் ஒரு வயரில் பிளஸ்ஸும் பொது வயரில் மைனஸும் தருகிறது. கீழ் அமுக்கினால் இரண்டையும் மாற்றிப் போடுகிறது. இடது மிரரா வலதா என்று தேர்ந்தெடுக்கும் வேலையும் அதற்குள்தான். பல வண்டிகளில் இரண்டு மிரருக்கும் பொது வயரும் ஒன்றே.

இதன் விளைவைப் பாருங்கள். வேறு வண்டியின் சுவிட்சை மாட்டி, மேல்–கீழ் மட்டும் தலைகீழாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தனி மோட்டாராக இருந்தால் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டு முடித்துவிடலாம். இங்கே ஒரு முனை பொதுவாக இருப்பதால் அது முடியாது. அதை மாற்றினால் இடம்–வலமும் கெடும். மிரரும் சுவிட்சும் ஒரே வண்டியிலிருந்து வந்தால் இந்தச் சிக்கலே வராது. அதற்காகத்தான் சேர்த்து வாங்கச் சொன்னேன்.

சரிசெய்யக்கூடிய குழப்பங்களும் உண்டு. மேல் அமுக்கினால் மிரர் பக்கவாட்டில் போகிறதா? அந்த மிரரின் "மேல்–கீழ்" வயரையும் "இடம்–வலம்" வயரையும் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். இரண்டு மிரரிலும் எல்லாத் திசையும் தலைகீழா? சுவிட்சுக்கு வரும் பிளஸ்ஸையும் எர்த்தையும் மாற்றினால் எல்லாம் ஒரே அடியில் நேராகிவிடும். சுவிட்சில் குட்டி விளக்கு இருந்தால் அது மட்டும் எரியாமல் போகலாம்.

சுவிட்சின் முனைகளை மீட்டரில் தொடர்பு சோதித்து, எந்தப் பொத்தானுக்கு எந்த இரண்டு முனை சேர்கிறது என்று ஒரு கட்டம் போட்டு எழுதுங்கள். பிறகு மிரர், சுவிட்ச், பேட்டரி மூன்றையும் மேசையிலேயே இணைத்து ஆட்டிப் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக ஆடினால் ஒரு டீ குடித்துவிட்டு வண்டிக்குப் போகலாம்.

கதவைப் பிரிப்பது

பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். கதவில் ஏர்பேக் இருக்கும் வண்டி என்றால் கழற்றிய பிறகு சில நிமிடம் காத்திருங்கள். மஞ்சள் கப்ளர் எதையாவது பார்த்தால் தொடாதீர்கள்.

டோர் பேடை (கதவின் உள்பக்க உறையை)ப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்காது. கைப்பிடிக் குழிக்குள், கை வைக்கும் திண்டுக்கு அடியில், சின்ன பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பின்னால் தேடுங்கள். எல்லாவற்றையும் எடுத்த பின் ஓரத்தில் கிளிப்புகள் மட்டும் மிச்சம். பேட் வர மறுத்தால் பலம் போடாதீர்கள், எங்கோ ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கிறது.

கையால் சுற்றி ஜன்னலை ஏற்றும் கைப்பிடி உள்ள வண்டியென்றால், பலவற்றில் அதைப் பிடித்திருப்பது பின்னால் ஒளிந்திருக்கும் குதிரை லாட வடிவக் கம்பிக் கிளிப். ஒரு துணியைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் செருகி, ஷூ பாலிஷ் போடுவது போல் இப்படியும் அப்படியும் இழுங்கள். துணியின் நூல் கிளிப்பின் முனையைக் கவ்விக் கழற்றிவிடும். கிளிப் பறக்கும், அதனால் அது விழக்கூடிய பக்கம் கையை வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது கிளிப்பை முதலில் கைப்பிடியிலேயே செருகிவிட்டு, தண்டின் மேல் வைத்து ஒரு தட்டு தட்டினால் போதும்.

பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஏதோ பேக்கிங் தாள் என்று கிழித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஜன்னல் ஓரத்தில் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி அடியில் உள்ள துளைகள் வழியே போவதுதான் வழக்கம்; அந்தத் தண்ணீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். மெல்ல உரித்து, வேலை முடிந்ததும் அதே பசையில் அழுத்தி ஒட்டுங்கள்.

பழைய மிரரின் நட்டுகளைக் கழற்றும் முன் கதவின் பெரிய ஓட்டையில் ஒரு துணியை அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் கடைசி நட்டு கையிலிருந்து நழுவிக் கதவுக்குள் விழும். கட்டாயம் விழும். அந்தக் கடைசி நட்டு வரும் நேரத்தில் மிரரை ஒரு கை தாங்கியிருக்க வேண்டும்.

வயரைக் கதவிலிருந்து கேபினுக்குக் கொண்டுபோவது

கதவுக்கும் அது மாட்டியிருக்கும் வண்டியின் தூணுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருந்தால் அதிர்ஷ்டம். ஸ்பீக்கர் வயர் போகும் அதே குழாயில் கெட்டியான ஒரு கம்பியை விட்டு, அதன் நுனியில் வயர்களை டேப்பால் கட்டி இழுக்கலாம். ரப்பரில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும். குழாயே இல்லாத வண்டியில் கதவிலும் தூணிலும் துளை போட்டு ரப்பர் கிராமெட் (துளையின் விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் வளையம்) வைக்க வேண்டும். இரண்டு துளையும் நேருக்கு நேராக இல்லாமல் சற்று மேல் கீழாக இருந்தால் கதவு மூடும்போது குழாய் நசுங்காமல் வளையும்.

பல இழை உள்ள வயர்தான் வேண்டும். ஒற்றைக் கம்பி வயர் கதவு திறந்து மூடும் ஆட்டத்தில் ஒரு நாள் உள்ளேயே முறியும், வெளியே தெரியாது. திருப்பும் மோட்டார்களுக்கு 0.75 சதுர மி.மீ. தாராளம், ஹீட்டருக்கு 1 சதுர மி.மீ. போடலாம். ரப்பர் குழாய்க்குள் எந்த இணைப்பும் வரக்கூடாது. இணைப்பு கதவுக்குள் இருக்கட்டும், அல்லது கேபினுக்குள். கதவை முழுவதும் திறந்து வைத்துத்தான் நீளத்தை முடிவு செய்ய வேண்டும்.

கதவுக்குள் வயரை உலோகத் தகட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். ஜன்னல் கண்ணாடி இறங்கும் பாதையில் தொங்கவிட்டால், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் கத்தரித்துவிடும். பேடை மூடும் முன் ஜன்னலை இரண்டு முறை முழுவதும் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

மின்சாரம் எங்கிருந்து

சுவிட்சுக்கு வரும் பிளஸ்ஸை, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸ் ஒன்றிலிருந்து, ஃபியூஸ் பெட்டியில் செருகிக் கிளை வயர் எடுக்கும் ஃபியூஸ் டாப் (tap) மூலம் எடுங்கள். அதில் 5 ஆம்பியர் ஃபியூஸ். எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய சுத்தமான உலோகத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

ஹீட்டருக்கு ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) வையுங்கள். கீழே வரும் எண்கள் ரிலேயின் முனைகளுக்கு உரியவை. பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு, 87-இலிருந்து இரண்டு ஹீட்டருக்கும், 85 எர்த்துக்கு, 86 டாஷ்போர்டு பொத்தானுக்கு. அந்தப் பொத்தானுக்கு வரும் மின்சாரம் சாவி போட்டால் மட்டும் வருவதாக இருக்கட்டும். நான் முதல்முறை செய்தபோது சோம்பல்பட்டு நேராக நிரந்தர பிளஸ்ஸில் கொடுத்தேன். ஒரு ராத்திரி பொத்தானை அணைக்க மறந்தேன். இரண்டு மிரருக்கும் சேர்த்து 2.4 ஆம்பியர், பத்து மணி நேரத்தில் 24 ஆம்பியர்-மணி. வயசான பேட்டரி, காலையில் ஸ்டார்ட்டர் ஒரு முனகலோடு நின்றுவிட்டது. வண்டியில் பின்கண்ணாடி ஹீட்டர் ஏற்கெனவே இருந்தால் 86-ஐ அதன் வயரோடு இணைத்துவிடுங்கள். டைமரும் சும்மா கிடைத்துவிடும்.

இண்டிகேட்டரை முன்பக்க இண்டிகேட்டர் வயரிலிருந்து எடுங்கள், பின்பக்கத்திலிருந்து வேண்டாம். பல பழைய பிக்கப்புகளில் பின்னால் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே பல்புதான். அங்கிருந்து எடுத்தால் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் மிரரும் எரியும். எல்.இ.டி. சேர்த்தால் வேகமாக மின்னுமே என்று சிலர் ரெசிஸ்டர் வாங்கி வைத்திருப்பார்கள். வேகமாக மின்னுவது பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டுச் சுமை குறையும்போது. இங்கே பல்பு அப்படியே இருக்கிறது. ரெசிஸ்டர் தேவையில்லை.

மாட்டி இறுக்குவது

அடியில் உள்ள ஃபோம் கேஸ்கெட் நொறுங்கியிருந்தால் புதிது வையுங்கள். இல்லாவிட்டால் காற்றுச் சத்தமும் தண்ணீரும் வரும். எல்லா நட்டையும் முதலில் விரலால் சுற்றி, பிறகு ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுவதும் இறுக்கினால் பிளாஸ்டிக் அடி வெடிக்கும். கப்ளருக்கு முன்னால் வயர் ஒரு வளைவு தொங்கட்டும். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப்போகும், கப்ளருக்குள் ஏறாது.

டோயிங் மிரர் பழைய மிரரை விட நல்ல கனம். பழைய கதவின் மெல்லிய தகட்டில் அது வேகத்தில் அதிர்ந்து, பின்னால் வரும் வண்டி கலங்கலாகத் தெரிந்தால், தகட்டின் உள்பக்கம் ஓர் இரும்புத் தட்டு வைத்து அதன் மேல் நட்டைப் போடுங்கள். மிரர் ஆடாமல் நிற்கும்.

மின்சாரத்தை இணைத்து, பேடை மூடாமலேயே எல்லாவற்றையும் சோதியுங்கள்: இரண்டு மிரரும் நான்கு திசையும், ஹீட்டர் போட்டு ஐந்து நிமிடத்தில் கண்ணாடி கைக்கு வெதுவெதுப்பாக வருகிறதா, பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டர் சும்மா இருக்கிறதா. பிறகு ஒருவரைக் கதவின் மேல் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். எல்லாம் சரி என்றால் தாளை ஒட்டி, பேடை மூடுங்கள். நட்டுகளை மறைக்கும் அந்த முக்கோணப் பிளாஸ்டிக் மூடியை மட்டும் ஒரு வாரம் போடாமல் விடலாம். புது கேஸ்கெட் அமுங்கியதும் நட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஸ்பேனரால் ஒரு கால் சுற்று கொடுத்துவிட்டு மூடியைத் தட்டிவிடலாம்.